உழவு இயந்திரம் வீதிக்கு வரும்போது

கமக்காரர் பலர் உழவு இயந்திரத்தைக் கலப்பை, மண்வெட்டி ஆகியவற்றின் வரிசையிற் சேர்த்தே எண்ணுகின்றனர். அது வயலுக்குள் நிற்கும்வரை அவ்வெண்ணத்திற் பெருந்தவறில்லை. ஆனால், பின்னால் பெட்டியைப் பூட்டி, நெல்மூடைகளை ஏற்றிக்கொண்டு வீதியில் ஏறிய மறுகணமே அது சட்டத்தின் பார்வையில் ஒரு மோட்டார் வாகனமாகிவிடுகின்றது. அதைச் செலுத்துபவர் சாரதி. அதை உடையவர் வாகன உரிமையாளர். இவ்விருவர்க்கும் உரிய பொறுப்புக்கள் எவை என்பதையும், அண்மைக் காலத்திற் சட்டம் எவ்வாறு மாறியுள்ளது என்பதையும் விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இலங்கையில் 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க மோட்டார்க் கார்க் கட்டளைச் சட்டத்தின் இடத்தில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. இன்றும் மூலச் சட்டம் அதுவே. அது இயற்றப்பட்ட காலத்தில் நம் வயல்களிற் பெரும்பாலும் எருதும் எருமையுமே உழுதன. இரு சக்கர உழவு இயந்திரம் அதன் பின்னரே பரவியது. நம்மவராகிய பொறியியலாளர் ரே விஜேவர்தன அவர்கள் (1924–2010) இங்கிலாந்தின் லான்ட்மாஸ்ரர் நிறுவனத்தோடு சேர்ந்து அதன் ஆக்கத்திற் பங்குகொண்டார். இன்று யப்பான், சீனா ஆகிய நாடுகளின் இயந்திரங்களே எங்கும் காணப்படினும், நமது ஊர்களில் அவை யாவும் “லான்ட்மாஸ்ரர்” என்றே அழைக்கப்படுகின்றன. பெயர் மாறவில்லை, சட்டமோ பலமுறை திருத்தப்பட்டுவிட்டது.

அத்திருத்தங்களுள் கமக்காரர் அறியவேண்டியவை இரண்டு. முதலாவது, 2009 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். இதன் பின்னர் வழங்கப்படும் சாரதி அனுமதிப்பத்திர அட்டையில் ஒவ்வொருவரும் எவ்வகை வாகனங்களைச் செலுத்தலாம் என்பது எழுத்துக்களாற் குறிக்கப்படுகின்றது. பெட்டி பூட்டிய இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு உரியது “ஜீ 1” என்னும் வகை. பெட்டியுடனோ பெட்டியின்றியோ செல்லும் நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கு உரியது “ஜீ” என்னும் வகை. ஆகவே “என்னிடம் அனுமதிப்பத்திரம் இருக்கின்றது” என்று கூறுவது மாத்திரம் போதாது. அட்டையைத் திருப்பிப் பார்த்து, செலுத்தவிருக்கும் இயந்திரத்தின் எழுத்து அதிலே பதியப்பட்டுள்ளதா, அதற்குரிய காலம் முடியவில்லையா என்பவற்றைக் காணவேண்டும். அட்டையைச் சட்டைப்பையிற் பல ஆண்டுகள் சுமந்தும் அதன் பின்பக்கத்தை ஒருமுறையேனும் வாசியாதார் பலரை நான் சந்தித்திருக்கின்றேன்.

இரண்டாவது, 2019 ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தம். அது தண்டப்பணத்தைப் பெரிதும் உயர்த்தியது. உரிய அனுமதிப்பத்திரமின்றி வாகனஞ் செலுத்துவோர்க்கு விதிக்கப்படும் மிகக் குறைந்த தண்டம் 25,000 ரூபாவாயிற்று. அத்தகையவரைச் சாரதியாக வேலைக்கு அமர்த்தும் உரிமையாளர்க்கும் அவ்வாறே. தம் இயந்திரத்தைக் கூலிக்கு விடுவோர் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஓட்டுவதற்கு அயலூரிலிருந்து வந்த இளைஞனிடம் “உனக்கு ஓடத் தெரியுமா?” என்று மாத்திரம் கேட்பது வழக்கமாயிருக்கின்றது. அட்டையையுங் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும்.

வயலிலே திறமையாக உழுபவனுக்குத் தனியொரு வகை அனுமதிப்பத்திரம் எதற்கு என்று கூட்டங்களில் என்னிடம் கேட்போர் உளர். இரு சக்கர உழவு இயந்திரத்தின் இயல்பை அறிந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்குச் சுக்கான் சில்லு இல்லை. ஒவ்வொரு கைபிடியின் கீழும் ஒரு பக்கக் கிளச்சு உண்டு. சமநிலத்தில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லுக்குச் செல்லும் விசை நின்றுவிடும். வலச் சில்லு தள்ளும். இயந்திரம் இடப்பக்கந் திரும்பும். இதுவரை யாவரும் அறிந்ததே.

பாரமேற்றிய பெட்டியுடன் இறக்கத்திற் செல்லும்போது நடப்பது வேறு. அங்கே இயந்திரம் பெட்டியை இழுப்பதில்லை. பெட்டியே இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளுகின்றது. எஞ்சின் சில்லுகளை ஓடவிடாது பிடித்து வைத்திருக்கின்றது. அவ்வேளையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால், இடச் சில்லு எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வலச் சில்லு பிடிபட்டே நிற்கும். எனவே இயந்திரம் வலப்பக்கந் திரும்பும். அதாவது, செலுத்துபவர் நினைத்த திசைக்கு நேர்மாறான திசையிலே செல்லும். நமது நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்கின்றமையால், ஓரத்துக்கு ஒதுங்க நினைத்தவர் எதிரே வரும் வாகனத்தின் முன்னாற் சென்று விழுவார்.

வன்னி நிலம் சமதரை, இங்கே இறக்கம் ஏது என்று எண்ணவேண்டாம். குளக்கட்டு உண்டு, வாய்க்கால் மதகு உண்டு, உயர்த்திப் போடப்பட்ட வீதியிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பெரும்போக அறுவடை முடியுந் தறுவாயில், அவ்வாறான குளக்கட்டு இறக்கமொன்றில் நிகழ்ந்ததை நான் நேரிற் கண்டேன். கைபிடியைப் பிடித்திருந்தவன் கமக்காரரின் பதினைந்து வயது மகன். மூடைகளின்மேல் ஒரு கூலியாள் அமர்ந்திருந்தார். எதிரே மாடுகள் வரவே, பையன் அவற்றுக்கு வழிவிட எண்ணி இடக் கிளச்சைப் பிடித்தான். இயந்திரம் வலப்பக்கம் முறுகியது; பெட்டி குறுக்கே வந்து குடைசாய்ந்தது. பையன் பாய்ந்து தப்பினான். கூலியாளின் காலெலும்பு முறிந்தது. அடுத்த சிறுபோகத்தில் அவர் வயலில் இறங்கவில்லை. “இரண்டு வருடமாக வயலிலே ஓட்டுகிறான், ஐயா; ஒரு பிழையும் விட்டதில்லை” என்று தகப்பனார் திரும்பத் திரும்பக் கூறினார். அவர் கூறியது உண்மையே. வயலில் எது சரியோ அதனையே அப்பையன் இறக்கத்திலுஞ் செய்தான். அவனுக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தார் ஒருவருமில்லை. காயப்பட்டவர் வீட்டுச் செலவைப் பல மாதங்கள் தாங்க நேர்ந்தது அத்தகப்பனார்க்கே.

ஆதலின் இறக்கத்தின் உச்சியிலேயே நிறுத்தித் தாழ்ந்த கியரை இடுக. இறங்கும்போது கியரை மாற்றவோ, பிரதான கிளச்சைப் பிடித்து இயந்திரத்தைச் சும்மா உருளவிடவோ வேண்டாம். பக்கக் கிளச்சுக்களைத் தொடாது, கைபிடியை உடற்பலத்தாற் சிறிது சிறிதாகத் தள்ளியே திசை திருப்புக. பெட்டியின் கால் பிறேக்கு வேலை செய்கின்றதா என்பதைப் பாரமேற்றுமுன் பார்க்கவேண்டுமேயன்றி, ஏற்றிய பின்னரன்று. மூடைகளின்மேல் ஆட்களை ஏற்றுவதை அடியோடு விட்டுவிடுக.

காப்புறுதி பற்றியுஞ் சில வார்த்தைகள். வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. அச்சான்றிதழிற் சாரதி பற்றியும், வாகனத்தின் உபயோகம் பற்றியும் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். உரிய அனுமதிப்பத்திரமில்லாதவர் செலுத்தும்போதோ, சொந்தக் கமத்துக்கெனக் காப்புறுதி செய்த இயந்திரம் கூலிக்கு ஓடும்போதோ விபத்து நேரின், அந்நிபந்தனைகளே உரிமையாளர்க்கு எதிராக எடுத்துக் காட்டப்படும். பணங் கட்டுமுன் அவற்றை வாசித்தறிக. இயந்திரத்துக்குப் போலவே பெட்டிக்குந் தனிப் பதிவு உண்டு என்பதையும் நினைவிற் கொள்க. பழைய பெட்டியொன்றைக் கைமாற்றாக வாங்குவோர் பதிவுப் புத்தகத்தைக் கேளாமல் வாங்கிவிட்டுப் பின்னர் அலைகின்றனர்.

அனுமதிப்பத்திரம் பெற விரும்புவோர் முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் வைத்தியச் சான்றிதழைப் பெறவேண்டும். அதனுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றுதல் வேண்டும். அதனைத் தமிழிலேயே எழுதலாம். சித்தியடைந்தோர்க்குப் பயிலுநர் அனுமதிப்பத்திரம் வழங்கப்படும். அதன் பின்னரே வீதியிற் பழகலாம். பழகியபின் செய்முறைப் பரீட்சை நடைபெறும். அறுவடை நெருங்கும்போது ஓடித்திரியாது, இரு போகங்களுக்கும் இடையிலுள்ள ஓய்வு நாட்களை இதற்கு ஒதுக்குதல் நன்று. விண்ணப்பத்தில் எந்த வகை வேண்டும் என்று குறிப்பிடும்போது “ஜீ 1” அல்லது “ஜீ” என்பதை மறவாது சேர்த்துக்கொள்க. மோட்டார்ச் சைக்கிளுக்கென விண்ணப்பிக்கச் செல்லும் இளைஞர் அதே பயணத்தில் இதனையும் விசாரித்துக்கொள்ளலாம்.

இறுதியாக வெளிச்சம். இரவில் வாகனத்தின் முன்னால் வெள்ளை ஒளியும் பின்னாற் சிவப்பு ஒளியும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நமது பெட்டிகளிற் பலவற்றுக்குப் பின்விளக்கே இல்லை. இருந்தாலும், வைக்கோல் ஏற்றும்போது அது விளக்கின்மேல் தொங்கி மறைத்துவிடுகின்றது. மெதுவாகச் செல்லும் இருண்ட பெட்டியொன்றை விரைந்து வரும் மோட்டார்ச் சைக்கிளோட்டி கண்டுகொள்ளும்போது, நிறுத்துவதற்கு இடமிராது. பெட்டியின் பின்பலகையில் இரு மூலைகளிலும் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடுகளைப் பொருத்துக. அவற்றின் விலை சொற்பமே. வைக்கோல் ஏற்றி முடிந்ததும் ஒருவர் இருபது பாகந் தூரம் பின்னாற் சென்று நின்று, அத்தகடுகளும் விளக்கும் தெரிகின்றனவா என்று பார்த்த பின்னரே புறப்படுக.