புள்ளியிட்ட எழுத்தும் மின்னஞ்சலும்

ஜேர்மானியர் தம் மியூனிச் நகரின் பெயரை எழுதும்போது, இரண்டாம் எழுத்தாகிய ‘யூ’வின் தலையில் இரு புள்ளிகள் இடுவர். அவற்றை நீக்கினால் ஒலியே மாறிவிடும். ஆயினும் 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகள் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையுமே அறிந்திருந்தன.

இவ்விடரைத் தீர்க்க 2003இல் பியூனிகோட் என்னும் மாற்றுமுறை வகுக்கப்பட்டது. அதன்படி மியூனிச் என்ற பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகள் ஆறும் முதலில் வரிசையாக நிற்கும். பின்பு ஓர் இடைக்கோடு. அதற்கப்பால் மூன்று, வை, ஏ என்னும் குறிகள். விடுபட்ட எழுத்து யாது, அது நின்ற இடம் யாது என்பவற்றை அம்மூன்று குறிகளே உணர்த்தும். மாற்றப்பட்ட பெயர் என்பதற்கு அடையாளமாக எக்ஸ், என் என்னும் எழுத்துகளும் இரு இடைக்கோடுகளும் முன்னால் வரும். கண்ணுக்கு இனிய வடிவம் அன்று. ஆனால் பழைய சேவையகமும் அதனைத் தடையின்றி ஏற்கும்.

சேவையகத்தைப் பேணுவோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தாம் ஏற்கும் ஆள்களப் பெயர்களின் பட்டியலில் புள்ளியிட்ட வடிவத்தை மட்டும் எழுதிவிடுகின்றனர். வரும் கடிதமோ மாற்றிய வடிவத்தைத் தாங்கி வருகின்றது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்து ஒப்பிடாத சேவையகம், தன் வீட்டுக் கடிதத்தையே அயலார் கடிதமென்று திருப்பிவிடும்.

முகவரியில் ‘அட்’ குறிக்கு முன்னுள்ள ஆட்பெயரை இவ்வாறு மாற்றுதல் ஆகாது. அதன் பொருளை அறிய உரிமையுடையது பெறும் சேவையகம் ஒன்றே. அத்தகைய பெயர்களுக்கென 2012இல் தனி விதி பிறந்தது. அதனை ஏற்பதாக அடுத்த சேவையகம் அறிவிக்காவிடின், கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்புதல் வேண்டும்.

கடிதம் திரும்பி வருவதேனும் ஒருவகையில் நன்று. வேறொருவர் கைக்குப் போனால்? ஜேர்மன் மொழியில் ‘கூரிய எஸ்’ என்றோர் எழுத்து உண்டு. 2003ஆம் ஆண்டு விதி அதனை இரண்டு ‘எஸ்’ ஆக்கியது; 2010இல் வந்த விதி அதனைத் தனியெழுத்தாகவே நிறுத்தியது. ஆகவே பழைய விதியைப் பின்பற்றும் மென்பொருளும் புதிய விதியைப் பின்பற்றும் மென்பொருளும் ஒரே முகவரியை இரு வேறு உரிமையாளரிடம் கொண்டுசேர்க்கக் கூடும். அனுப்பியவர் அதனை அறியவும் மாட்டார்.

‘இலங்கை’ என்றே முடியும் தமிழ் ஆள்களப் பெயர்களும் இம்மாற்றுமுறையிலேயே இயங்குகின்றன. நம் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் கணினியில் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஜேர்மானியரின் புள்ளியிட்ட எழுத்துக்கும் இந்த இரட்டை நிலை உண்டு. ஆதலின் முதலில் ஒருமைப்படுத்தி, அதன்பின்னரே பெயரை மாற்றுதல் வேண்டும்.