10.75 கோடி ரூபாய், 18 பந்துகள்: ஆடாத வீரருக்கும் முழு சம்பளமா? ஐபிஎல் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது?

2025 மே 18, டெல்லி அருண் ஜேட்லி மைதானம். டெல்லி கேபிடல்ஸ் அணிக்காக சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் வீசியது மூன்றே ஓவர். கொடுத்தது 49 ரன், விக்கெட் இல்லை. எதிரே 108 ரன் அடித்து நின்றவர் இன்னொரு தமிழ்நாட்டு வீரர், சாய் சுதர்சன். குஜராத் அணி 205 ரன்னை விக்கெட்டே இழக்காமல் எட்டிவிட்டது.

அந்த சீசன் முழுக்க நடராஜன் பந்து வீசியது அவ்வளவுதான். அதற்கு முன் ஹைதராபாத்துக்கு எதிரான ஆட்டத்தில் அணியில் இருந்தார், ஆனால் முதல் இன்னிங்ஸோடு மழை வந்து ஆட்டமே ரத்தாகிவிட்டது. ஏலத்தில் அவருடைய விலை 10 கோடியே 75 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு பந்துக்கு ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய்!

இந்தக் கணக்கைப் போட்டு மீம்ஸ் போடுவது சுலபம். ஆனால் கேள்வி வேறு. ஆடவே விடாத வீரருக்கு அணி முழுப் பணமும் கொடுத்துத்தான் ஆகணுமா? ஃபார்ம் போய்விட்டால் பாதியில் கழற்றிவிட முடியாதா?

ஏலத் தொகை ஒரு சீசனுக்கா, மொத்தத்துக்கா?

பலரும் குழம்பும் இடம் இது. ஏலத்தில் சொல்லப்படும் தொகை ஒரு சீசனுக்கான சம்பளம். ரிஷப் பண்ட்டை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது என்றால், 2025 சீசனுக்கு 27 கோடி. அடுத்த ஆண்டும் வைத்துக்கொண்டால் மறுபடியும் 27 கோடி.

வைத்துக்கொள்வதா, விடுவிப்பதா என்பது அணியின் கையில் இருக்கிறது, வீரரின் கையில் இல்லை. ஒவ்வொரு சீசன் முடிந்ததும் அணிகள் ஒரு பட்டியல் கொடுக்கும். அதில் பெயர் இருந்தால் அதே சம்பளம். இல்லாவிட்டால் மீண்டும் ஏலம், விலை பழையபடி அடிப்படையிலிருந்து.

ஆக, ஐபிஎல்லில் உத்தரவாதம் உண்டு. ஆனால் ஒரே ஒரு சீசனுக்கு மட்டும்.

பெஞ்சில் உட்கார்ந்தால் சம்பளம் குறையுமா?

குறையாது. சீசன் முழுக்க அணியோடு இருந்து, ஆடத் தயாராக இருந்தால் போதும். 14 ஆட்டத்தில் ஒன்றில்கூட களமிறங்காவிட்டாலும் முழுத் தொகை வரும். ஆட வைக்காதது அணியின் முடிவு, அதற்கு வீரர் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை. பொதுவாக இது மூன்று தவணையாக வரும்: தொடருக்கு முன் 15 சதவீதம், நடக்கும்போது 65, முடிந்த பிறகு 20.

வீரரே சொந்தக் காரணத்துக்காகச் சில ஆட்டங்களுக்கு வரவில்லை என்றால் கதை வேறு. வந்த ஆட்டங்களுக்கு ஏற்ற விகிதத்தில்தான் பணம்.

பெஞ்சில் இருப்பவருக்கு நஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 முதல் ஒரு ஆட்டத்துக்கு ஏழரை லட்சம் ரூபாய் தனி ஆட்டக் கட்டணம் வந்தது. 14 லீக் ஆட்டமும் ஆடினால் 1 கோடியே 5 லட்சம். இரண்டே ஆட்டத்தில் பெயர் வந்த நடராஜனுக்கு இந்தக் கணக்கில் கிடைத்தது 15 லட்சம்தான். கோடிகளில் ஏலம் போனவருக்கு இது பெரிய தொகை இல்லை. 30 லட்சம் சம்பளத்தில் இருக்கும் இளைஞருக்கு, களத்தில் இறங்குவதா பெஞ்சில் இருப்பதா என்பது சம்பளத்தைவிடப் பெரிய வித்தியாசம்.

காயம் பட்டால்?

தொடர் நடக்கும்போது, அணிக்காக ஆடி காயம் பட்டால் முழு சம்பளம், சிகிச்சைச் செலவும் அணியுடையது. தொடர் தொடங்கும் முன்பே காயத்தால் விலகினால் அணி கொடுக்க வேண்டியதில்லை.

2022 ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 கோடிக்கு எடுத்த தீபக் சாஹர் நினைவிருக்கலாம். ஏலம் முடிந்த கையோடு இந்தியாவுக்கு ஆடும்போது காயம், அந்த சீசனில் ஒரு பந்துகூட வீசவில்லை. இந்திய வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர்கள் நாட்டுக்காக ஆடி காயப்பட்டு ஐபிஎல்லைத் தவறவிட்டால், அவர்களுக்கு வாரியத்தின் காப்பீடு இருக்கிறது. வாரிய ஒப்பந்தம் இல்லாத உள்ளூர் வீரருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாநில அணிக்காகவோ கிளப்புக்காகவோ ஆடும்போது தோள்பட்டை போனால் அந்த சீசன் சம்பளமே போச்சு. இந்த விஷயத்தைப் பற்றி ஏல நாளில் யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் வேறு மாதிரி

இதே பிரச்சினை அமெரிக்க பேஸ்பாலில் பூதாகரமானது. அங்கே ஏழு ஆண்டு, பத்து ஆண்டு ஒப்பந்தம் போடுவார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். வீரர் ஃபார்ம் இழந்தாலும், காயம் பட்டாலும், அணி அவரை வெளியே அனுப்பினாலும்கூட மொத்தத் தொகையும் கொடுத்தாக வேண்டும்.

பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 2016இல் கிறிஸ் டேவிஸ் என்பவருக்கு ஏழு ஆண்டுக்கு 161 மில்லியன் டாலர் பேசியது. 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலுமாகச் சேர்த்து, தொடர்ந்து 54 முயற்சிகளில் ஒரு ஹிட்கூட அடிக்காமல், பிட்சர் அல்லாத வீரர்களில் சாதனை படைத்தார், வேண்டாத சாதனை. 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் தள்ளி வைக்கப்பட்ட தவணைகள் 2037 வரை அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியின் ஆண்டனி ரெண்டன் கதை இன்னும் மோசம். ஏழு ஆண்டு, 245 மில்லியன் டாலர். காயத்துக்கு மேல் காயம். 2025இல் இடுப்பு அறுவை சிகிச்சையால் ஒரு ஆட்டம்கூட இல்லை, சம்பளம் மட்டும் முழுசு.

அங்கே மாட்டிக்கொள்வது அணி. இங்கே ஒரு வருடத்துக்கு மேல் அணி மாட்டிக்கொள்வதே இல்லை.

வெங்கடேஷ் ஐயரும் ஷாருக் கானும்

கொல்கத்தா அணி 2025க்கு வெங்கடேஷ் ஐயருக்குக் கொடுத்தது 23.75 கோடி. அவர் 11 ஆட்டத்தில் அடித்தது 142 ரன். அந்தத் தொகையைப் பேட்ஸ்மேன் கேட்டு வாங்கவில்லை, இரண்டு அணிகள் போட்டி போட்டு ஏற்றிவிட்ட விலை அது. ஆனாலும் ஒவ்வொரு முறை அவுட்டாகும்போதும் திரையில் விலைதான் முன்னால் வந்து நின்றது. சீசன் முடிந்ததும் விடுவித்தார்கள். 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலத்தில் பெங்களூரு 7 கோடிக்கு எடுத்தது. ஒரே ஆண்டில் 16.75 கோடி சரிவு. பேஸ்பாலில் இருந்திருந்தால் பழைய சம்பளம் பல ஆண்டுகளுக்கு ஓடியிருக்கும்.

தமிழ்நாட்டு ஷாருக் கானுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2022இல் பஞ்சாப் 9 கோடி கொடுத்தது, அந்த ஆண்டு 8 ஆட்டத்தில் 117 ரன். அதன் பிறகு குஜராத்தில் 7.4 கோடி, பிறகு 4 கோடி.

நெல்லைக்கு இதில் என்ன?

மதுரை சாலையில் தாழையூத்து பக்கம் போகிறவர்களுக்கு சங்கர் நகர் தெரியும். இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை 1949இல் ஓட்டத் தொடங்கிய இடம். அதே நிறுவனம்தான் 2008இல் 91 மில்லியன் டாலர் கொடுத்து சென்னை அணியை வாங்கியது, தோனியை 15 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தது. தாமிரபரணிக் கரையில் சிமெண்ட் விற்ற காசுக்கும் ஐபிஎல் ஏலத்துக்கும் அப்படி ஒரு பழைய உறவு!

ஆலைக்குப் பக்கத்து மைதானத்தில் 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியபோதே ஆட்டங்கள் நடந்தன. சேப்பாக்கம், நத்தம், சங்கர் நகர் என மூன்றே மைதானம் அப்போது. அந்த முதல் சீசனில் திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் போட்டுத்தான் நடராஜன் வெளியுலகத்துக்குத் தெரிந்தார். அடுத்த ஆண்டே 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு பஞ்சாப் எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். உடனே விடுவிப்பு. 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூடத் தரவில்லை. 2020இல் 16 விக்கெட், அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்காக அறிமுகம்.

டிஎன்பிஎல்லில் 2023 முதல் ஏலம் வந்தது. ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடியது 70 லட்சம்தான். அதில் சாய் சுதர்சனை கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. இங்கேதான் வேடிக்கை. அதே ஆண்டு ஐபிஎல்லில் அவர் சம்பளம் 20 லட்சம்! உள்ளூர் லீக்கைவிடக் குறைவு. அந்தச் சம்பளத்தில்தான் ஐபிஎல் இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 ரன் அடித்தார். குறைந்த விலையில் நன்றாக ஆடினால் கூடுதலாகக் கேட்க வழியில்லை, அடுத்த ஏலமோ தக்கவைப்போ வரும்வரை காத்திருக்க வேண்டும். 2025க்கு குஜராத் 8.5 கோடி கொடுத்துத் தக்கவைத்தது, அவர் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி வாங்கினார்.

சங்கர் நகரில் வலை பயிற்சிக்கு வரும் பையனுக்கு இந்த இரண்டு பேரின் கதையும் தெரியும். ஒரு ஏலத்தில் விலை ஏறினால் வீட்டுக் கடன் அடையும். ஆனால் அதை நம்பி அடுத்த வருடத்துக்குக் கடன் வாங்க முடியாது.

நடராஜன் என்ன ஆனார்?

2025 நவம்பரில் தக்கவைப்புப் பட்டியல் வந்தபோது, அவரை விட்டுவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். விட்டிருந்தால் டெல்லிக்கு ஏலத்தில் செலவழிக்க 10.75 கோடி கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. காயமில்லாத நடராஜன் 2024இல் ஹைதராபாத்துக்கு 14 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தவர். கடைசி ஓவர்களில் யார்க்கர் போடும் இந்திய இடது கை வேகப்பந்து வீச்சாளர்கள் ஏலத்தில் அதிகம் கிடைப்பதில்லை. 2026க்கும் அதே சம்பளத்தில் டெல்லி அவரை வைத்துக்கொண்டது.