அருவி தந்த ஒளி

அல்சூரிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் சிவசமுத்திரம் உள்ளது. வார விடுமுறையில் பெங்களூரு மக்கள் பலர் அங்குச் செல்வர். காவிரி அங்கே இரு கிளைகளாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக வீழ்கிறது. ஆற்றுநீரைக் கால்வாயில் திருப்பி, குழாய்கள் வழியே இறக்கினால், அதன் விசை சுழலிகளைச் சுழற்றும், மின்சாரம் பிறக்கும். 1902இல் அம்மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. அங்குத் தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்தனர். 1905இல் பெங்களூருத் தெருக்களும் அதனால் ஒளிபெற்றன. இந்நகரின் குழாய்களில் வரும் காவிரி நீரும் இப்பகுதியிலிருந்தே ஏற்றப்படுகிறது. பிரிந்த கிளைகள் மீண்டும் கூடி, ஒகேனக்கல் வழியே தமிழ்நாட்டை அடைகின்றன. நாம் இங்குப் பருகும் நீரும் தஞ்சை வயல்களில் பாயும் நீரும் ஓர் ஆற்றினவே. ஆதலால், அருவிக்கரைக்குச் செல்லும்போது நெகிழிப் பைகளை எறியாதிருப்போம்.