நிழலைக் கண்டு நடுங்கலாமா?

குடும்பத்தில் ஒருவருக்கு ஸ்கேன் எடுத்து, அதன் அறிக்கை கைக்கு வந்த இரவு எத்தகையது என்பதை நம் பங்குக் குடும்பங்கள் பலவும் அறியும். உறையைப் பிரித்தால் எல்லாம் ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை கைப்பேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுகிறான். 'புற்று' என்ற சொல் தட்டுப்பட்டதும் வீடே இருண்டுவிடுகிறது. மருத்துவரைக் காண இன்னும் மூன்று நாள் உண்டு. அதற்குள் மனத்தளவில் பாதி அடக்கச் சடங்கே முடிந்துவிடுகிறது.

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலும், மணலி ஆலைகளிலும், துறைமுகத்திலும் நாட்கூலிக்கு உழைக்கும் குடும்பங்களுக்கு இத்துன்பம் இரு மடங்காகிறது. அச்சத்தால் இங்குமங்கும் அலையும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியும் கூலியை இழக்கும் நாள். ஆதலால், அந்த அறிக்கை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை அறிந்து வைத்திருப்பது நன்று.

படம் சொல்வதும் சொல்லாததும்

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்களை உடலைச் சுற்றிலும் செலுத்தி, உடலை மெல்லிய குறுக்குத் துண்டுகளாகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணித வழியைக் கண்ட கார்மக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். கட்டி எங்கே உள்ளது, எவ்வளவு பெரிது, எதைத் தொட்டு நிற்கிறது என்பவற்றை இப்படம் காட்டும். அது புற்றுதானா என்பதை உறுதி செய்ய, பெரும்பாலும் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பயாப்ஸி என்று மருத்துவர்கள் கூறுவது அதனையே.

பெட் ஸ்கேனில் 'ஒளிர்கிறது' என்று எழுதியிருந்தால் பலர் கலங்கிப் போகின்றனர். சிறிதளவு கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரைப் பொருளை ஊசி வழியே செலுத்தி எடுக்கும் படம் அது. சர்க்கரையை மிகுதியாக உண்ணும் இடங்கள் ஒளிரும். புற்றணுக்கள் அவ்வாறு உண்பவையே. எனினும், காசநோயால் வீங்கிய நெறிக்கட்டியும் ஒளிரும். கிருமி தாக்கிய புண்ணும் ஒளிரும். மூளை எப்போதும் சர்க்கரையை உண்பதால் ஒளிர்கிறது. அப்பொருள் சிறுநீரில் கழிவதால் சிறுநீர்ப்பையும் ஒளிர்கிறது.

முன்பு எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பும் நுரையீரல் படத்தில் நிழலாக விழும். ஆகவே பழைய எக்ஸ்ரேக்களையும் ஸ்கேன் படங்களையும் எறிந்துவிடலாகாது. பல ஆண்டுகளாக மாறாதிருக்கும் நிழல் ஒன்று. புதிதாக வளர்ந்துள்ள நிழல் வேறு. பழைய படம் இருந்தால் மருத்துவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

எண்ணைப் பார்த்து ஏமாறுதல்

மார்பகப் பரிசோதனை அறிக்கையில் 'பைராட்ஸ் 4' என்று இருக்கும். அதனை 'நான்காம் கட்டப் புற்றுநோய்' என்று எண்ணி அழுபவர் உண்டு. இரண்டும் முற்றிலும் வேறு. பைராட்ஸ் என்பது ஐயத்தின் அளவைக் குறிக்கும், 0 முதல் 6 வரையான வரிசை. 4 என்றால், 'ஐயம் உண்டு, திசு எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று பொருள். அவ்வாறு பார்த்ததில் புற்று இல்லை என்று தெரிந்தவர் பலர். 5 என்றால் ஐயம் மிக வலியது. நோயின் கட்டமோ, நோய் உறுதியான பிறகு, அது எவ்வளவு பரவியுள்ளது என்பதை எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் கணிப்பது.

இதனைக் கேட்டு, 'அப்படியானால் ஒன்றுமில்லை' என்று இருந்துவிடுவதும் பெருந்தவறு. திசு எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப் போடுவோர், குணமாக்கும் காலத்தையே இழக்க நேரிடும்.

செய்ய வேண்டியவை

மருத்துவரைக் காணச் செல்லும்போது, பதற்றமின்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ளக் கூடிய ஒருவர் உடன் செல்லட்டும். அறிக்கையோடு படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இது புற்றுநோய் என்பது உறுதியா? உறுதி செய்ய இனி என்ன சோதனை? சிகிச்சையின் நோக்கம் முற்றிலும் குணமாக்குவதா, நோயை அடக்கி வைப்பதா? எத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும்?

வடசென்னையினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. அடையாற்றில் புற்றுநோய்க்கென்றே ஒரு நிலையம் உண்டு. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. 1955-இல் அங்கு வந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அதற்கே வாழ்ந்தார். தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவியையும் கேட்டறியலாம்.

மறைப்பதா, சொல்வதா?

சில வேளைகளில் செய்தி கசப்பாகவே முடியும். அப்போது, 'அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்' என்று பிள்ளைகள் கூடி முடிவு செய்கின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. அடுக்களையில் நின்றுபோகும் பேச்சும், மகளின் சிவந்த கண்களும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. அவரும் பிள்ளைகளுக்காகத் தெரியாதவர்போல் நடிக்கிறார். ஒரே கூரையின்கீழ் ஒவ்வொருவரும் தனித்தனியே அழுகின்றனர்.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் கலக்கத்தை மறைக்கவில்லை. இராயபுரத்து ஆலயத்தின் பாதுகாவலரான இராயப்பரையும் வேறு இரு சீடரையும் உடன் அழைத்துச் சென்று, தம் துயரத்தை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், விழித்திருக்கும்படி வேண்டினார். நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறாரோ, அவ்வளவையும் மெல்ல, மருத்துவரின் துணையோடு, உண்மையாகச் சொல்லுவோம். அவர் ஒப்புரவாகவும், கடன் பத்திரத்தைத் தீர்க்கவும், பேரனுக்கு ஆசி கூறவும் விரும்பலாம். அந்த உரிமையைப் பறிக்க நாம் யார்?

பங்குக் குருவை அழைக்கவும் தயங்க வேண்டா. 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயரால், குருவானவர் எண்ணெயோடு வந்தால் மரணம் வந்துவிட்டது என்ற அச்சம் இன்னும் நம்மிடையே உள்ளது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவ்வருளடையாளத்தின் முறையைப் புதுப்பித்தார். கடும் நோயுற்ற எவரும், அறுவைச் சிகிச்சைக்குச் செல்லுமுன்னரே நோயில்பூசுதல் பெறலாம்.

அடுத்த முறை அந்த உறை வீட்டுக்கு வரும்போது, பிள்ளையின் கைப்பேசி சற்று ஓய்வு கொள்ளட்டும். யாருடைய உடலைப் பற்றிய அறிக்கையோ, அவரை நடுவில் அமர்த்தி, அவர் கையைப் பற்றிக்கொண்டு ஒரு செபமாலை சொல்லுங்கள். பிறகு, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை அவரோடு சேர்ந்து எழுதுங்கள்.