உங்களுக்குத் தெரியுமா? கனவுக்குள் மாட்டிக்கொண்டால்!

இது கனவுதான் என்று தெரிகிறது. எழுந்துவிட வேண்டும் என்றும் தோன்றுகிறது. ஆனால் எழ முடியவில்லை! இந்த அவஸ்தையைத் தோண்டப் போனால் அத்தனையும் புதையல். அதில் சில நம்ம சென்னை ராயப்பேட்டையைச் சுற்றியே கிடைத்தன!

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று புரிந்துவிடுகிறதே, அதுதான் லூசிட் ட்ரீம். அபூர்வம் என்று நினைத்தீர்களா? 50 வருட ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டி 2016-ல் கணக்குப் போட்டார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவித்தவர்கள் 55 சதவீதம்!

ஏன் எழ முடியவில்லை? கனவு வரும் நேரத்தில் மூளையே உங்கள் உடம்பைப் பூட்டிவிடுகிறது. கை, கால், கழுத்து எல்லாம் லாக்! கனவில் ஓடினால் கட்டிலில் இருந்து குதித்துவிடக் கூடாதே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இந்தப் பூட்டு தினமும் விழுகிறது. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஒரு ராத்திரியில் நாலைந்து தடவை! நேற்று ராத்திரியும் பூட்டிக் கிடந்தீர்கள். தெரியவே இல்லை, பார்த்தீர்களா?

பூட்டுக்கு அகப்படாதவை இரண்டே இரண்டுதான் என்று சொல்லலாம். ஒன்று கண். இன்னொன்று மூச்சை இழுத்து விடும் உதரவிதானம். நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருந்தாலும் மூச்சு நிற்பதில்லை!

கண் அசைகிறது அல்லவா? அதை வைத்தே ஒருவர் கனவுக்குள் இருந்து வெளியே தகவல் அனுப்பிவிட்டார்! இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகம். 1975 ஏப்ரல் 12. தூங்கியவர் ஆலன் வொர்ஸ்லி, கருவியோடு காத்திருந்தவர் கீத் ஹெர்ன். முன்பே பேசிவைத்தபடி இடம், வலம், இடம், வலம் என்று கண்ணை உருட்டினார் வொர்ஸ்லி. கருவி அதை அப்படியே பதிவு செய்தது. உலகிலேயே முதல் தடவை!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் 2021-ல். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என நான்கு நாட்டு ஆய்வகங்கள். தூங்குகிறவரிடம் கணக்கு கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் எவ்வளவு? கனவுக்குள் இருந்த 19 வயது இளைஞர் கண்ணை இரண்டு தடவை உருட்டினார். சரியான விடை! இன்னொருவருக்குக் கேள்வி எப்படிக் கேட்டது தெரியுமா? கனவில் அவர் இருந்த காரின் ரேடியோவிலிருந்து! 36 பேரிடம் 158 தடவை முயன்றார்கள். சரியான பதில் வந்தது 18.4 சதவீதம். தூங்கிக்கொண்டே கணக்கு போட்டவர்களுக்கு இது அமோகமான மார்க் என்பேன்!

'இன்செப்ஷன்' படத்தில் நிஜத்தில் ஐந்து நிமிடம் என்றால் கனவில் ஒரு மணி நேரம். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் கனவு ஆய்வாளர் ஸ்டீபன் லபேர்ஜ் கனவுக்குள் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணிக் காட்டினார். நிஜத்திலும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகியிருந்தது! 'மணிக்கணக்காக மாட்டிக்கொண்டேன்' என்று உங்களுக்குத் தோன்றினாலும், கடிகாரத்தில் அது சில நிமிடமாகத்தான் இருக்கும்.

கனவா, நிஜமா? சந்தேகம் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பாருங்கள். கனவில் பெரும்பாலும் மணி மாறிவிடும்! ராயப்பேட்டைக்காரர்களுக்குக் கவலையே இல்லை. மணிக்கூண்டைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு தடவை பார்த்துப் பழகுங்கள். பகலில் பழகியது கனவிலும் வரும்!

விழித்துவிட்டோம் என்று எழுந்து, பல் தேய்த்து, காபியும் குடித்த பிறகு அதுவும் கனவு என்று தெரிந்தால்? தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்கு மயக்க மருந்து தெளியும்போது இப்படி ஆனதாம். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. ஏறக்குறைய நூறு தடவை, அடுத்தடுத்து!

சில சமயம் கண் திறந்துவிடும், பூட்டு மட்டும் திறக்காது. அந்த நேரத்தில் வருகிறவர்தான் நம் ஊர் அமுக்குவான் பேய்! ஜப்பானில் கனாஷிபாரி, துருக்கியில் கராபசான், பிரேசிலில் பிசாடெய்ரா. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. 36,533 பேரின் தகவல்களைத் திரட்டிப் பார்த்ததில் பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கு இது வந்திருக்கிறது. மாணவர்களில்? 28.3 சதவீதம்! பரீட்சைக்குக் கண்விழிக்கும் பிள்ளைகளே, தூக்கம் கெட்டால் அமுக்குவானுக்குக் கொண்டாட்டம்.

'மல்லாக்கப் படுக்காதே, ஒருக்களித்துப் படு' என்று பாட்டி விரட்டுவாரே? நூற்றுக்கு நூறு சரி! மல்லாந்து படுத்தால்தான் அமுக்குவான் அதிகம் வருகிறார் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

அமுக்குவான் வரும்போது அறை மூலையில் நிற்பதாகத் தெரியும் கறுப்பு உருவம் யார்? பதில் சொல்ல முயன்றவர் ஒரு சென்னை டாக்டர்! ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன்! கையை இழந்தவருக்கும் அந்தக் கை வலிப்பது ஏன் என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். ஆய்வாளர் பாலந்த் ஜலாலுடன் சேர்ந்து 2014-ல் அவர் வைத்த கருத்து இது: 'அசை' என்று மூளை உத்தரவு போடுகிறது. உடம்பிலிருந்து பதிலே இல்லை. மூளைக்குள் இருக்கும் உங்கள் உடம்பின் வரைபடம் குழம்பி, உங்கள் நிழலே எதிரில் ஆளாக நிற்கிறது. அப்படியானால் பேய் வேறு யாரும் இல்லை, நீங்களேதான்!

தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மாட்டினால் பயம்தான் வரும் என்று யார் சொன்னது? ஒரு தேசத்தையே ஸ்தம்பிக்க வைத்த யோசனை அங்கேதான் பிறந்தது! மணிக்கூண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கதீட்ரல் ரோடு. 1919 மார்ச். அங்கே ஒரு பங்களாவில் காந்தி தங்கியிருக்கிறார். ஆங்கிலேய அரசின் ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று யோசித்தபடியே தூங்கிவிட்டார். விடியற்காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் விழிப்பு. அரைத்தூக்கம். கனவு போல ஒரு எண்ணம்: நாடு முழுக்கக் கடையடைப்பு, உபவாசம், பிரார்த்தனை! காலையில் முதல் வேலையாக ராஜாஜியிடம் சொன்னார். ஏப்ரல் 6-ம் தேதி இந்தியாவே கதவடைத்தது!

    

கனவில் இருந்து எழவே கூடாது என்று ஆசைப்பட்டவளும் உண்டு! திருக்குறளில் 122-வது அதிகாரம் 'கனவுநிலை உரைத்தல்'. பத்துக் குறளும் கனவைப் பற்றி. விழிப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் கனவில் வந்த காதலர் பிரியவே மாட்டாரே என்று தவிக்கிறாள் தலைவி. வள்ளுவருக்குக் கோயில் இருப்பதோ பக்கத்து மயிலாப்பூரில்!

சரி, மாட்டிக்கொண்டால் வெளியே வருவது எப்படி? ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி சொன்ன வழி ரொம்ப எளிது. கனவில் ஏதாவது ஒரு பொருளை அசையாமல் உற்றுப் பாருங்கள். கண் நின்றால் கனவும் கலையும்! கண் திறந்தும் உடம்பு அசையவில்லையா? முண்டாதீர்கள். கால் கட்டைவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பாருங்கள். பெரும்பாலும் சில விநாடிகளில், மிஞ்சிப்போனால் சில நிமிடங்களில் பூட்டு தானாகவே திறந்துவிடும்.

கடைசியாக ஒன்று. அமுக்குவான் அடிக்கடி வருகிறாரா? பட்டப்பகலில் அடக்க முடியாத தூக்கமா? வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டு மடங்குகிறதா? அது நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கலாம். ராத்திரிப் பூட்டு பகலிலேயே விழுகிறது! மந்திரிக்கப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ராயப்பேட்டையில் அரசு மருத்துவமனை 1911-லிருந்து இருக்கிறது!