தேய்ந்த ஷாக் அப்சார்பர்: எது சிக்கனம்?

ஆம்னி வேன் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஆனால் தஞ்சை, கும்பகோணம் பக்கம் நம்மில் சிலர் இன்னும் அதில்தான் அரிசி மூட்டை ஏற்றுகிறோம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, பிரேக் பிடித்தால் வண்டி முன்பக்கம் அமுங்குதல், டயர் திட்டுத் திட்டாகத் தேய்தல் ஆகியவை பழுதின் அடையாளங்கள்.

செலவுக்கு அஞ்சி நாம் ஒரு பக்கம் மட்டும் மாற்றினோம். மறுபக்கத்து டயர் வீணாயிற்று. ஆகவே இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே தேய்ந்த மேல் மவுண்டையும் மாற்றினால் இன்னொரு கூலி மிச்சம். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம்.

பழையதைப் பழுது பார்த்துப் பூட்டுவது மலிவு. உழைப்பதோ கொஞ்ச நாள். புதியதையே பில்லுடன் வாங்குவோம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. தள்ளிப்போட்டால் மிச்சமாவது ஷாக் விலை. போவதோ டயர் விலை!