வாடகை வீட்டுக்கும் ஒரு மார்க் ஷீட்!



ரேங்க் கார்டு வாங்கும்போது நமக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும் இல்லையா? அதே மாதிரி வீடுகளுக்கும் மார்க் போடுகிற நாடு ஒன்று இருக்கிறது. அதில் பாஸ் ஆகாத வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தைத்தான் சொல்கிறேன்.

இது எனக்குத் தெரிந்ததே என் சித்தியால்தான். சித்தி அங்கே லீட்ஸ் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்தபோது, "அங்கே வீடு பார்க்கப் போனா வாடகை எவ்வளவுன்னு அப்புறம்தான் கேட்பேன் கண்ணு. இது எந்த லெட்டர் வீடுன்னுதான் முதல்ல கேட்பேன்" என்றார். எனக்கு ஒண்ணும் புரியவில்லை. விளக்கிச் சொன்னார். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அது என்ன லெட்டர்?

நம்ம வீட்டு ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். ஸ்டார் அதிகம் என்றால் கரண்ட் செலவு குறைவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக்கே அப்படி ஒரு தாள் உண்டு. அதன் பெயர் எரிசக்தித் திறன் சான்றிதழ். விற்கும் வீடுகளுக்கு 2007-லும், வாடகை வீடுகளுக்கு 2008 அக்டோபரிலும் இது வந்தது. ஒருமுறை வாங்கினால் 10 வருடம் செல்லும். செலவு வீட்டுக்காரருடையது. குடிவருபவருக்கு இலவசமாகக் காட்ட வேண்டும்.

மார்க் இப்படி:
ஏ – 92-ம் அதற்கு மேலும்
பி – 81 முதல் 91
சி – 69 முதல் 80
டி – 55 முதல் 68
இ – 39 முதல் 54
எஃப் – 21 முதல் 38
ஜி – 1 முதல் 20

யார் மார்க் போடுவது?

பயிற்சி பெற்ற ஒரு மதிப்பீட்டாளர் நேரில் வந்து அளந்து பார்ப்பார். சுவர் எப்படிப்பட்டது, கூரைக்கு அடியில் பஞ்சு போட்டிருக்கிறதா, ஜன்னலில் கண்ணாடி ஒன்றா இரண்டா, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எந்த வகை, என்ன பல்பு என்று குறித்துக்கொள்வார். இந்த வீட்டைச் சூடாக்கவும், வெந்நீர் போடவும், விளக்கு எரிக்கவும் வருடத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு மார்க் வரும். என்ன செய்தால் மார்க் கூடும் என்றும் அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும்.

பஞ்சுக்கு ஏன் மார்க்? சூடான காற்று மேலே போகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். பஞ்சு போடாத வீட்டில் சுமார் கால் பங்கு சூடு கூரை வழியாகவே ஓடிவிடும். கனிமப் பஞ்சை 27 செ.மீ. கனத்துக்கு விரித்தால் அந்தச் சூடு வீட்டுக்குள்ளேயே நிற்கும். ஸ்வெட்டர் போட்ட மாதிரிதான்!

சட்டம் எதுக்கு?

இதுதான் முக்கியமான விஷயம். சுவரும் கூரையும் வீட்டுக்காரருடையது. ஹீட்டர் பில் குடியிருப்பவருடையது. பஞ்சு போட்டால் செலவு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு. "எனக்கு என்ன லாபம்?" என்பார் வீட்டுக்காரர். "நாளைக்குக் காலி பண்ற வீட்டுக்கு நான் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்பார் குடியிருப்பவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் வீடு மட்டும் அப்படியே குளிரில் கிடக்கும்.

சித்தி முதலில் இருந்தது அப்படி ஒரு பழைய செங்கல் வீடு. ஹீட்டரை நிறுத்தினால் அரை மணியில் வீடே ஐஸ் பெட்டி ஆகிவிடுமாம். ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா எல்லாம் போட்டுத்தான் தூக்கம். ஜனவரி மாத பில்லைப் பார்த்து அழுதே விட்டாராம். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் குளிர் வீடு ஆபத்து.

அதனால்தான் அரசு பாஸ் மார்க் வைத்தது. 2018 ஏப்ரல் 1 முதல் புதிதாக வாடகைக்கு விடும் வீடு 'இ'யாவது வாங்கியிருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்கும் அதே விதி. அதாவது பாஸ் மார்க் 39. நமக்கு 35தான்! மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம். வீட்டுக்காரரையும் ஒரேயடியாக நசுக்கவில்லை. 3,500 பவுண்டு வரை செலவு செய்தும் தேறவில்லை என்றால், பதிவு செய்து 5 வருட விலக்கு வாங்கலாம். பாஸ் மார்க்கை 'சி' அளவுக்கு உயர்த்தலாமா என்று 2025-ல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது.

குறையே இல்லையா?

உண்டு. மதிப்பீட்டாளர் சுவரை உடைத்துப் பார்க்க முடியாது. சில இடங்களில் வீடு கட்டிய காலத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். 'சி' வீடு என்றாலும் நாள் முழுக்க ஹீட்டர் ஓடினால் பில் ஏறத்தான் செய்யும். அந்த மார்க் வீட்டுக்குத்தான், குடியிருக்கும் ஆளுக்கு இல்லை. ஆனாலும், உள்ளே போவதற்கு முன்னாலேயே வீட்டின் குணம் தெரிகிறது அல்லவா! சித்தி இப்போது இருப்பது 'சி' வீடு. "இப்பல்லாம் குல்லா இல்லாம தூங்கறேன் கண்ணு" என்று சிரித்தார்.

நம்ம ஊரில்?

நாங்கள் இருப்பது வாடகை வீட்டின் மாடி போர்ஷன். ஏப்ரல், மே வந்தால் ராத்திரி 10 மணிக்கும் தளம் கொதிக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் வரும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் வெயில் திரும்பிப் போய்விடும் என்று அப்பா கேட்டார். "வேணும்னா நீங்களே அடிச்சுக்குங்க" என்றார் வீட்டுக்காரர். கரண்ட் பில் கட்டுவது நாங்கள்தானே! அங்கே குளிர், இங்கே வெயில். கதை ஒன்றுதான்.

நம் நாட்டில் ஃப்ரிட்ஜ், ஏ.சி.க்கு ஸ்டார் முறை 2006-ல் தொடங்கியது. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது. ஆனால் வாடகைக்கு விடும் வீட்டுக்கு மார்க் ஷீட் கட்டாயம் இல்லை.

அதுவரை நாமே மார்க் போடலாம் நண்பர்களே! அடுத்த முறை வீட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கூடவே போங்கள். தளத்துக்கு மேலே நேராக வெயிலா? மேற்குச் சுவரில் நிழல் உண்டா? எதிரெதிரே ஜன்னல் உண்டா? கேளுங்கள். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் பார்த்து வாங்குகிற நாம், வீட்டையும் பார்த்துத்தானே போக வேண்டும்?

சிந்திப்போம்! கேட்போம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி